பட்டம்மாள் வாங்கிய ஒன்பது மதிப்பெண்

புதுச்சேரி சாரத்தில் என் வீட்டு மாடியில் குடியிருக்கும் தமிழ்ச்செல்வி ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். அங்கே உடம்பைக் குறைக்க அறுவை சிகிச்சை செய்கிறார்கள். இரைப்பையைச் சின்னதாக்கித் தைத்துவிடுவார்களாம். போன மாதம் ஒரு நாள் டூட்டி முடிந்து வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் என் எதிரே உட்கார்ந்தாள்.

"சிஸ்டரம்மா, எங்க கம்ப்யூட்டர்ல புதுசா ஒண்ணு போட்டிருக்காங்க. பேஷண்டோட எடை, இடுப்பு, மூச்சு, ஈரல் சைசு எல்லாத்தையும் தட்டிவுட்டா, ஆபரேஷன் சுலபமா கஷ்டமான்னு முன்னாடியே மார்க்கு போட்டுச் சொல்லிடுது. உங்க காலத்துல இதெல்லாம் ஏது?"

எனக்கு எண்பத்தெட்டு வயது. 'உங்க காலத்துல ஏது' என்று யாராவது சொன்னால் ரத்த அழுத்தம் ஏறிவிடும். எங்கள் காலத்திலும் இது இருந்தது. கம்ப்யூட்டர் இல்லை, அவ்வளவுதான். ஒரு தையற்கார நாடா, ஒரு மெழுகுவத்தி, ஒரு அரிசி மண்டித் தராசு, முசே ஞானம், அப்புறம் நான். இதைச் சொன்னதும் அவள் சிரித்துவிட்டு, ஆஸ்பத்திரி ஆண்டு மலருக்கு எழுதிக் கொடுங்கள் என்றாள். மலரில் டாக்டர்கள் கோட்டு போட்டுச் சிரிக்கும் படங்களுக்கு நடுவே எனக்கு எவ்வளவு இடம் விடுவார்கள் என்று தெரியவில்லை. வெட்டினால் வெட்டட்டும். வெட்டுவதுதானே அவர்கள் தொழில்.

நான் முத்தியால்பேட்டைப் பெண். அப்பாவுக்கு மில்லில் வேலை. புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடி இறங்கி நம் கொடி ஏறிய வருஷம் நான் நர்ஸ் பயிற்சியில் இருந்தேன். பாதிப் பாடம் பிரெஞ்சில் வந்தது, மீதிப் பாடம் இங்கிலீஷில் வந்தது, பயம் மட்டும் முழுக்கத் தமிழில் வந்தது. எப்படியோ தேறி, ஓர் ஆஸ்பத்திரியின் அறுவைப் பிரிவில் சேர்ந்தேன். அங்கே தலைமை சர்ஜன் முசே ஞானம். முசே என்றால் பிரெஞ்சில் ஐயா.

எங்கள் ஊர்க்காரர்தான். பிரான்சுக்குப் போய்ப் படித்தவர். ஐம்பது வயது. நெட்டையான ஆள், மூக்கும் அப்படியே. கோபம் வந்தால் கத்த மாட்டார். மூக்குக் கண்ணாடியை இரண்டு கையாலும் கழற்றி, துடைத்து, இரண்டு கையாலும் மாட்டிக்கொள்வார். அதற்குள் எதிரே நிற்பவர் செய்த தப்பு, செய்யாத தப்பு எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டிருப்பார். கல்யாணமாகாத என்னை 'மத்மசேல்' என்று கூப்பிடுவதை விட்டால், வாயில் இரண்டே பிரெஞ்சு வார்த்தைதான் ஓடிக்கொண்டிருக்கும். 'நோன்' என்றால் முடியாது. 'அலோர்' என்றால் சரி, அப்புறம், ஆரம்பிக்கலாமா, ஐயோ, இதில் எது வேண்டுமானாலும். எது என்பதை நாங்கள்தான் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும்.

பெருத்த உடம்பை அறுப்பதற்கு அவர் பயந்தார். அதை ஒளிக்கவும் மாட்டார். "மத்மசேல், கத்தி போடறதுக்கு முன்னாடி பயந்தா அது புத்தி. போட்ட அப்புறம் பயந்தா அது ஆபத்து" என்பார். அதனால் பயப்படுவதற்கென்றே ஒரு முறை வைத்திருந்தார். ஒரு தாளில் ஐந்து பரீட்சை. ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம், ஒன்று, இரண்டு என்று மதிப்பெண். பள்ளிக்கூடத்துக்கு நேர்மாறாக, இங்கே மதிப்பெண் குறைந்தால்தான் பாஸ்.

முதலாவது எடை. ஆஸ்பத்திரி எடை மெஷின் நூறு கிலோவோடு மூச்சை விட்டுவிடும். அதனால் அரிசி மண்டியிலிருந்து ஒரு பெரிய தராசை இரவல் வாங்கி, பின்பக்க வராந்தா உத்தரத்தில் தொங்கவிட்டிருந்தோம். இரண்டாவது, தொப்புள் மட்டத்தில் இடுப்புச் சுற்றளவு. மூன்றாவது, வயிற்றுச் சதையின் தடிமன். கொல்லரிடம் சொல்லிச் செய்த ஒரு வளைந்த இடுக்கியால் பிடித்து அளப்பார். அதைப் பார்த்தவுடனே பாதிப் பேருக்கு நோய் சரியாகிவிட்டதாகத் தோன்றும். நான்காவது, தலையணை இல்லாமல் பத்து நிமிஷம் மல்லாந்து படுக்க வேண்டும். ஐந்தாவது மெழுகுவத்தி. ஒரு முழ தூரத்தில் ஏற்றி வைத்து, ஒரே மூச்சில் ஊதி அணைக்கச் சொல்வார். அணைந்தால் பூஜ்யம். சுடர் ஆடினால் ஒன்று. சுடர் நம்மைப் பார்த்துச் சிரித்தால் இரண்டு. ஆபரேஷனுக்கு அப்புறம் இருமிச் சளியைத் துப்ப அந்த மூச்சு வேண்டும் என்பது கணக்கு.

கூட்டிப் பார்த்து மூன்று வரை வந்தால் தாளின் தலைப்பில் 'கடற்கரை ரோடு' என்று எழுதுவார். வழவழப்பு, காற்று, சுகம். நான்கிலிருந்து ஆறு வரை 'வில்லியனூர் ரோடு'. ஏழும் அதற்கு மேலும் 'மழைக்காலத்து வில்லியனூர் ரோடு'. ஒரு ஐப்பசியில் மூலக்குளத்துப் பக்கம் அவருடைய கார் சேற்றில் இறங்கி, இரண்டு ஜோடி மாடு கட்டி இழுத்தார்களாம். அதிலிருந்து அவருக்கு உலகத்தின் கஷ்டமெல்லாம் அந்த ரோடுதான். உயிர் போகிற அவசரம் தவிர, ஏழு வந்த ஆளை அவர் மேஜையில் ஏற்ற மாட்டார். நோயாளி குணமாகி வீட்டுக்குப் போன பிறகு, தாளின் கடைசி வரியில் ரோடு உண்மையில் எப்படி இருந்தது என்றும் எழுதி வைப்பார். தான் போட்ட மதிப்பெண் சரியா என்று தன்னையே திருத்திக்கொள்வது அவர் வழக்கம்.

நான் வேலைக்குச் சேர்ந்து நாலாவது வருஷம் பட்டம்மாள் வந்தாள். ஒன்பது வாங்கினாள்.

வில்லியனூருக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். நாற்பது, நாற்பத்திரண்டு வயதிருக்கும். கரும்பு போட்டு வெல்லம் காய்ச்சுகிற குடும்பம். கொப்பரையில் பாகு கொதிக்கும்போது எப்போது இறக்க வேண்டும் என்று பதம் பார்ப்பது அவள் வேலை. சுற்றுப்பட்ட ஊர்களில் அதில் அவளை மிஞ்ச ஆளில்லை. வயிற்றுச் சதை மடிந்து தொடை வரை தொங்கியது. அதற்கு நடுவே தொப்புள் வழியாகக் குடல் பிதுங்கி, ஒரு பெரிய தேங்காய் அளவுக்கு நின்றது. குனிய முடியவில்லை. மாதம் இரண்டு முறை அந்தப் பிதுக்கம் கல்லாக இறுகி, வலி தாங்காமல் வாந்தி எடுப்பாள். இதுவரை தானாக உள்ளே போய்விட்டது. ஒரு நாள் போகாமல் மாட்டிக்கொண்டால் குடல் அழுகிவிடும், ஆளும் பிழைப்பது கஷ்டம்.

கூட வந்த புருஷன் கோவிந்தசாமி. அவள் நிழலில் இரண்டு கோவிந்தசாமி நிற்கலாம்.

தொங்கும் சதையை வெட்டி எடுத்துவிட்டு, பிதுக்கத்தையும் சேர்த்துத் தைப்பது என்பது முசே ஞானத்தின் திட்டம். பரீட்சை நடந்தது. எடை நூற்றுப் பதினெட்டு கிலோ, இரண்டு மதிப்பெண். இடுப்பு இரண்டு. சதைத் தடிமன் இரண்டு, இடுக்கி போதவில்லை. மல்லாந்து படுப்பதில் ஒன்று. மெழுகுவத்திக்கு அவள் உதட்டைக் குவித்து 'உஸ்' என்று ஏதோ செய்தாள். சுடர் அசையவே இல்லை. இரண்டு. மொத்தம் ஒன்பது.

முசே கண்ணாடியைத் துடைத்தார்.

"அம்மா, உள்ள கை விட்டா எனக்கு ஒண்ணும் தெரியாது. கொழுப்பு மறைக்கும். குடல் எது, கொழுப்பு எதுன்னு தடவித் தடவிப் பார்க்கணும். அதுக்குள்ள உங்க மூச்சு நின்னுடும்."

பட்டம்மாள் யோசித்தாள். "நொர அடங்காம பாகு பதம் பாக்க முடியாது. அதானே சொல்றீங்க?"

"அலோர்," என்றார் முசே. அவர் முகத்தில் அன்றைக்குத்தான் ஒரு நோயாளி மேல் மரியாதையைப் பார்த்தேன். "அதேதான். மூணு வாரம் இங்கயே இருங்க. நான் சொல்றதை மட்டும் சாப்பிடுங்க. மறுபடி மார்க் போடறேன். ஆறு வந்தா ஆபரேஷன்."

காய்கறி சூப்பு, ஒரு முட்டை, கீரை, மோர். இதுதான் அவளுக்குச் சாப்பாடு. தினமும் காலையில் தராசில் உட்கார வைத்து எடை பார்ப்பது என் பொறுப்பு. முதல் வாரம் முடிந்தது. நூற்றுப் பதினெட்டு. பத்தாம் நாள் நூற்றுப் பத்தொன்பது.

முசே என்னைக் கூப்பிட்டார். கண்ணாடி கழன்றது. "மத்மசேல், மோர் குடிச்சு எடை ஏறின முதல் மனுஷி இவங்கதான். தராசு தப்பா, இல்ல நீங்க தப்பா?"

எனக்கு அழுகையே வந்துவிட்டது. தராசை மண்டிக்காரரை வைத்துச் சோதித்தேன். அது சரியாக இருந்தது. அப்படியென்றால் நான்தான் தப்பு. அன்று முழுக்க பட்டம்மாளின் கட்டிலைச் சுற்றிச் சுற்றி வந்தேன். மத்தியானம் ஒரு எறும்புச் சாரை கண்ணில் பட்டது. ஜன்னல் வழியாக வந்து, கட்டில் கால் வழியாக ஏறி, தலையணைக்குள் போய்க்கொண்டிருந்தது. கோவிந்தசாமி பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார்.

"இது என்ன?"

"தலகாணிங்க, நர்சம்மா."

"தலகாணிக்குள்ள எறும்பு எதுக்குப் போவுது?"

"அதுக்கும் அசதியா இருக்கும்."

தையலைப் பிரித்தேன். பஞ்சு கொஞ்சம்தான். மீதியெல்லாம் அச்சு வெல்லம். அவர் ஊரிலிருந்து வரும்போதெல்லாம் ஒரு தலையணையைக் கொண்டுவந்து மாற்றிக்கொண்டு போனது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பெண்டாட்டி மேல் எவ்வளவு பாசம், வெளுத்த தலையணை கொண்டுவருகிறாரே என்று நான் மற்ற நோயாளிகளின் புருஷன்களுக்கு அவரை உதாரணம் வேறு காட்டியிருந்தேன்.

முசே வந்து தலையணையைப் பார்த்தார், எறும்பைப் பார்த்தார். கண்ணாடியைத் தொடுவதற்குள் கோவிந்தசாமி கொட்டிவிட்டார்.

"டாக்டரய்யா, நான் அம்மனுக்கு வேண்டிக்கிட்டேன். ஆபரேசன் நல்லபடியா முடிஞ்சா இவ எடைக்கு எடை வெல்லம் வெக்கறேன்னு ஊரே கேக்க சொல்லிட்டேன். நீங்க இன்னாடான்னா ஆபரேசனுக்கு முன்னாடியே எடைய எறக்குறீங்க. நாளைக்கு இவ எளைச்சுப்போயி தராசுல ஒக்காந்தா ஊருக்காரன் இன்னா சொல்லுவான்? வெல்லத்த மிச்சம் பண்ண பொண்டாட்டிய ஆஸ்பத்திரில வெச்சு பட்டினி போட்டான்னு சொல்லமாட்டானா? ஏற்கெனவே எனக்கு கஞ்சன்னுதான் பேரு."

"ஏன் அந்தப் பேரு?"

"அது வேற கதைங்க."

பட்டம்மாள் குறுக்கே வந்தாள். "கஞ்சந்தாங்க. ஆனா எனக்குன்னு வரும்போது அவுரு கணக்குப் பாத்ததில்ல. அம்மனுக்குக் கொறைச்சா எனக்கு எதுனா ஆயிடுமோன்னு அவுருக்கு பயம். எனக்கும் பயம். அதான் தின்னுட்டேன். வெல்லம் வேற நல்ல பதம்."

முசே ஞானம் வேதக்காரர். ஞாயிறு தவறாமல் சர்ச்சுப் பூசைக்குப் போகிறவர். அம்மனைப் பற்றி என்ன சொல்வாரோ என்று நான் ஓரமாக ஒதுங்கினேன். அவர் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தார். அரசாங்கக் காகிதத்தில் வாழ்ந்த மனுஷர் அவர். அவருக்குத் தெரிந்த பரிகாரம் ஒன்றே ஒன்றுதான்.

"சர்டிபிகேட் குடுத்தா அம்மன் ஏத்துக்குவாங்களா?"

கோவிந்தசாமி நிமிர்ந்தார். "சீலு உண்டுங்களா?"

"ரெண்டு சீல் வெக்கறேன்."

அன்று சாயந்திரமே பிரெஞ்சில் ஒரு சான்றிதழ் தயாரானது. யாருக்கு என்று எழுதுவது என்பதில்தான் கொஞ்சம் தகராறு. "அம்மனுக்குன்னே போடுங்க" என்றார் கோவிந்தசாமி. முசேயும் 'மதாம் அம்மன் அவர்கள் சமூகத்துக்கு' என்றே ஆரம்பித்தார். மேற்படி பட்டம்மாள் சேர்க்கப்பட்ட நாளில் நூற்றுப் பதினெட்டு கிலோ எடை இருந்தார். அதற்குப் பிறகு குறையும் ஒவ்வொரு கிலோவுக்கும் இந்தப் பிரிவின் சர்ஜனே பொறுப்பு, கணவர் எந்த வகையிலும் பொறுப்பல்ல. வெல்லம் முதல் எடைக்கே செலுத்தப்படும். கையெழுத்து, இரண்டு முத்திரை. நகல் ஒன்று நோயாளியின் கோப்பில். அதை நானே தமிழில் படித்துக் காட்டினேன். கோவிந்தசாமி இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அதற்கப்புறம் பட்டம்மாள் சூப்பைக் குடித்தாள். முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தாள், ஆனால் குடித்தாள். எடை இறங்க ஆரம்பித்தது. முசே தவணையை நீட்டினார். ஒன்றரை மாதம் கழித்து நூற்று நான்கு. இடையில் இரண்டு தடவை வலி வந்தது. இரண்டாவது தடவை பிதுக்கம் உள்ளே போக நான்கு மணி நேரம் ஆனது. நான் பக்கத்தில் உட்கார்ந்து ஈரத்துணியை ஒற்றியபடி அம்மனையும் மாதாவையும் ஒரே நேரத்தில் கூப்பிட்டேன். அடுத்த தடவை போகாது என்று முசே என்னிடம் மட்டும் சொன்னார்.

மறு பரீட்சை. எடைக்கு ஒன்று. இடுப்புக்கு ஒன்று. தடிமனுக்கு அதே இரண்டு. படுப்பதில் ஒன்று. ஆக ஐந்து. மெழுகுவத்தியை ஏற்றினேன். பட்டம்மாள் பழையபடியே 'உஸ்' என்றாள். சுடர் நிமிர்ந்து நின்றது. இரண்டு மதிப்பெண். மொத்தம் ஏழு.

முசே பென்சிலைக் கீழே வைத்தார். "நோன். மூச்சு இல்லாத உடம்பை நான் தொட மாட்டேன். இன்னும் மூணு மாசம்."

மூன்று மாதம் அந்தக் குடல் காத்திருக்காது என்று அவருக்கும் தெரியும். ஆனாலும் விதி விதிதான் அவருக்கு. அவர் அறைக்குப் போய்விட்டார். பட்டம்மாள் புருஷன் பக்கம் திரும்பினாள்.

"ஏய்யா, நான் அன்னைக்கே சொன்னேனா இல்லையா, கடலூரு ஆசுபத்திரிக்குப் போலாம்னு, நீதான் பிரெஞ்சு டாக்டரு பிரெஞ்சு டாக்டருன்னு இட்டுகினு வந்து, வெல்லத்தயும் தின்ன வெச்சி, அதயும் புடிங்கி, கீரத் தண்ணியக் குடிக்க வெச்சி, ஒடம்பும் எளைச்சி, ஆபரேசனும் இல்லாம, இப்ப வண்டி ஏறி ஊருக்குப் போனா ஒங்கக்கா வாசல்லயே நின்னுகினு இன்னா பட்டு போன மாதிரியே வந்துட்டேன்னு கேப்பாளே, அவளுக்கு இன்னா பதிலச் சொல்லுவேன், சொல்லுய்யா, வாயில இன்னா வெல்லமா வெச்சிகினுகீற?"

வராந்தாவின் அந்தக் கோடியில் கஞ்சி வாங்கிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் அசையாமல் நின்றேன். இவ்வளவையும் இடையில் ஒரு தடவைகூட மூச்சு வாங்காமல் சொன்னாள். சுடரை அசைக்க முடியாத மூச்சா இது?

"பட்டம்மா, நெசத்தைச் சொல்லு. நீ ஊதினியா?"

அவள் தலையைக் குனிந்தாள். "எப்படி நர்சம்மா ஊதறது? எரியற வெளக்க வாயால ஊதி அணைச்சா குடும்பத்துக்கு ஆவுமா? அதும் தாலி கட்டுன பொம்பள. அதும் ஆஸ்பத்திரில, உசுரு ஊசலாடற எடத்துல. ஊதற மாதிரி காட்டிட்டு மூச்ச உள்ள இழுத்துக்கினேன்."

என் தலையில் நானே அடித்துக்கொண்டேன். எங்கள் வீட்டில் அம்மா ஒரு நாளும் விளக்கை ஊதி அணைத்ததில்லை. பூவால் அமர்த்துவாள். சின்ன வயதில் நான் ஒரு முறை ஊதிவிட்டு முதுகில் வாங்கியிருக்கிறேன். இதெல்லாம் தெரிந்தும், வெள்ளைக் கவுன் போட்டு நாலு வருஷம் ஆனதும் மெழுகுவத்தி எனக்கு வெறும் கருவியாகிவிட்டது. அதுவரை அந்தப் பரீட்சைக்கு வந்தவர்கள் எல்லாம் தொந்தி போட்ட ஆண்கள், ஊதித் தள்ளிவிட்டுப் போனார்கள். பட்டம்மாளுக்கு முன் ஒரு பெண்ணும் வரவில்லை. தப்பு பண்ணியது தராசு இல்லை, நான்தான்.

சமையல் கட்டுக்கு ஓடினேன். அங்கே சமையற்காரர் மரியதாஸ். எழுபத்தைந்து கிலோ, நல்ல மனுஷர். அவரிடமிருந்து ஒரு மண் அடுப்பு, பாதி அணைந்த கரி, இரும்பு ஊதுகுழல் எல்லாம் வாங்கி வராந்தாவில் வைத்தேன். முசேயைக் கூட்டிவந்தேன். "முசே, இவங்க அணைக்க மாட்டாங்க. ஏத்தச் சொல்லுங்க."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. பட்டம்மாளுக்குப் புரிந்தது. நாற்காலியில் உட்கார்ந்தபடியே குழலை வாங்கி, வாயில் வைத்து, ஒரே ஒரு ஊது. கரி குபீரென்று சிவந்து தீ எழும்பியது. சாம்பல் மொத்தமும் கிளம்பி எதிரே குனிந்து பார்த்துக்கொண்டிருந்த முசேயின் முகத்தில், மூக்கில், கண்ணாடியில், வெள்ளைக் கோட்டில் படிந்தது. மரியதாஸ் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்.

முசே கண்ணாடியைக் கழற்றினார். அந்த இரண்டு வட்டம் மட்டும் அவர் முகத்தில் வெளுப்பாக இருந்தது. துடைத்தார். மாட்டினார். பென்சிலை எடுத்தார்.

"பூஜ்யம்," என்றார். "மொத்தம் அஞ்சு. அலோர், நாளன்னிக்கு."

தாளின் தலைப்பில் 'வில்லியனூர் ரோடு' என்று எழுதினார். மழைக்காலம் என்ற வார்த்தை இல்லை. நான் அங்கேயே அழுதுவிட்டேன், சாம்பல் கண்ணில் விழுந்தது என்று சொல்லிக்கொண்டேன்.

இன்னும் ஒரு சோதனை பாக்கி. அது நோயாளிக்கு இல்லை, மேஜைக்கு. பழைய பிரெஞ்சு மேஜை, கைப்பிடியைச் சுற்றினால் ஏறும், இறங்கும், சாயும். நூற்று நான்கு கிலோவை அது தாங்குமா? முசேயின் முறைப்படி, நோயாளியை விடக் கனமாக எதையாவது ஏற்றிப் பார்த்துவிட வேண்டும். மரியதாஸையும் வாசல் காவல்காரர் ஏழுமலையையும் ஒருவர் மேல் ஒருவராகப் படுக்க வைத்தோம். கட்டிப்பிடித்துக்கொள்ளாவிட்டால் விழுந்துவிடுவார்கள் என்று கட்டிப்பிடிக்கச் சொன்னார் முசே. ஏழுமலைக்குக் கூச்சம். ஒவ்வொரு தடவை மேஜை சாயும்போதும் இளித்துக்கொண்டு நெளிந்தார். சரியாக அந்த நேரத்தில் புதிய மேலதிகாரி இரண்டு விருந்தாளிகளோடு ஆஸ்பத்திரியைச் சுற்றிக் காட்ட உள்ளே வந்தார். மேஜை மேல் இரண்டு ஆண்பிள்ளைகள் தழுவிக்கிடக்க, நான் கைப்பிடியைச் சுற்ற, முசே குனிந்து மேஜைக் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பிக்கூடப் பார்க்காமல், "தாங்குது" என்றார். அதிகாரி கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டு போனார். கடைசி வரை விளக்கம் கேட்கவில்லை.

ஆபரேஷன் அன்று சிரிப்பெல்லாம் வாசலோடு நின்றது. முதுகில் மரப்பு ஊசி போட வேண்டும். பட்டம்மாளை உட்கார வைத்து, தலையணையைக் கட்டிக்கொள்ளச் சொல்லி (பஞ்சுதான், நான் இரண்டு தடவை பார்த்தேன்), தோளை நான் முன்னால் வளைத்துப் பிடித்தேன். முதுகெலும்பு கைக்குத் தட்டுப்படவே இல்லை. முசே கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலால் அழுத்தி அழுத்தித் தேடினார். மூன்றாவது முறையில் ஊசி இறங்கி, முனையில் தெளிந்த நீர் ஒரு சொட்டு வந்து நின்றது. அவர் மூச்சு விட்டதை நான் கேட்டேன்.

தொங்கும் சதையைக் கவ்விகளால் பிடித்து இரண்டு பேர் மேலே தூக்கிக்கொண்டோம். முசே இடுப்பின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை மேலே ஒன்று, கீழே ஒன்று, வளைவாக வெட்டினார். வெட்ட வெட்ட ரத்தக் குழாய்களைக் கட்டிக்கொண்டே வந்தார். அவசரமே இல்லை. சதை முழுசாகக் கழன்று வந்ததும் நடுவில் பிதுக்கத்தின் பை தெரிந்தது. அதைத் திறந்தபோது யாரும் பேசவில்லை. உள்ளே ஒரு மடிப்புக் குடல். ஓரிடத்தில் மட்டும் நீலம் ஓடியிருந்தது. வெந்நீரில் நனைத்த துணியைப் போட்டு மூடிவிட்டு முசே காத்திருந்தார். ஐந்து நிமிஷம். எனக்கு அது ஒரு வருஷம். துணியை எடுத்தார். நீலம் போய்க் குடல் சிவந்திருந்தது.

"நர்சம்மா," என்று திரைக்கு அந்தப் பக்கம் பட்டம்மாளின் குரல். மரப்பு ஊசிதானே, முழித்துக்கொண்டிருந்தாள். "இன்னா எல்லாரும் பேச்ச நிறுத்திட்டீங்க? பதம் வந்துச்சா?"

"வந்துடிச்சும்மா," என்றார் முசே. குடலை உள்ளே தள்ளி, வயிற்றுச் சுவரின் இரண்டு விளிம்பையும் கோட்டுக்குப் பட்டன் போடுவது போல ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி, பட்டு நூலால் இரண்டு வரிசை தைத்தார்.

வெளியே வந்ததும் கோவிந்தசாமி கேட்ட முதல் கேள்வி அவள் எப்படி இருக்கிறாள் என்பது. இரண்டாவது கேள்வி, "வெட்டுனது எவ்ளோ இருக்குங்க?"

"ஆறு கிலோ."

"அதுவும் சீட்டுல சேந்தி தானே?"

"சேர்த்தி," என்றார் முசே.

மூன்று மாதம் கழித்துக் கோயிலில் எடைக்கு எடை வைக்கிற நாளில் என்னையும் முசேயையும் அழைத்திருந்தார்கள். அவர் வரமாட்டார் என்றே நினைத்தேன். பூட்ஸைக் கழற்றிவிட்டு, காலுறையோடு கூட்டத்தின் கடைசியில் வந்து நின்றார். பட்டம்மாள் தானாகக் குனிந்து கும்பிட்டாள். அதைப் பார்க்கத்தான் வந்தேன் என்று அப்புறம் சொன்னார்.

மரத்தில் கட்டிய பெரிய தராசு. ஒரு தட்டில் பட்டம்மாள், இப்போது தொண்ணூற்றாறு கிலோ. மறு தட்டில் சான்றிதழ்படி நூற்றுப் பதினெட்டு கிலோ வெல்லம், ஊரே எண்ணிப் பார்க்க அடுக்கினார்கள். வெல்லத் தட்டு தரையில் உட்கார்ந்தது. பட்டம்மாள் மேலே ஏறித் தொங்கிக்கொண்டிருந்தாள்.

பூசாரி தலையை ஆட்டினார். "தட்டு சமமா நிக்கணும். இல்லன்னா வேண்டுதல் சேராது. வெல்லத்த எறக்கு."

"எறக்க மாட்டேன்," என்றார் கோவிந்தசாமி. சான்றிதழை எடுத்து எல்லாருக்கும் காட்டினார். பிரெஞ்சு. யாருக்கும் புரியவில்லை, ஆனால் இரண்டு முத்திரை புரிந்தது. அதைப் பட்டம்மாளின் மடியில் வைத்துப் பார்த்தார். தட்டு அசையவில்லை. பின்னாலிருந்து யாரோ, "கஞ்சன் காயிதத்தாலயே எடை போடறான்டா" என்று கத்த, கூட்டம் சிரித்தது.

கோவிந்தசாமி முகம் சிறுத்துப்போனது. மனைவியைப் பார்த்தார். துண்டை இடுப்பில் கட்டினார். ஒரே தாவாகத் தாவி அவள் தட்டிலேயே ஏறி, அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

தட்டு தடாலென்று தரைக்கு வந்தது. வெல்லம் மேலே போனது. பிறகு மொத்தக் கூட்டமும், "வெல்லம் பத்தல! வெல்லம் பத்தல!" என்று கூவியது.

"வீட்டுக்கு வண்டிய வுடுங்கடா!" என்று அங்கிருந்தே கத்தினார் கோவிந்தசாமி. "மச்சுல இருக்கறத எல்லாம் அள்ளிட்டு வாங்க! நான் எறங்க மாட்டேன்!" வண்டி போய் வரும் வரை அவர் இறங்கவே இல்லை. பட்டம்மாளுக்குச் சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கியது. தையல் பிரியுமோ என்று நான் ஒருத்திதான் பயந்துகொண்டிருந்தேன். பிரியவில்லை. இன்னும் இருபத்து நான்கு கிலோ ஏறின பிறகுதான் தட்டு சமமாக நின்றது.

திரும்பி வரும் வழியில், காரில் முசே தன் பையிலிருந்து பட்டம்மாளின் தாளை எடுத்தார். அவள் வீட்டுக்குப் போய் இத்தனை நாளாகியும் கடைசி வரியை அவர் எழுதாமல் வைத்திருந்தார். வண்டி குலுங்கிய குலுங்கலில் எழுத்து கோணல்மாணலாக வந்தது. எழுதிவிட்டு, கோப்பில் வையுங்கள் என்று என்னிடம் நீட்டினார். வாங்கிப் பார்த்தேன்.

'வில்லியனூர் ரோடு. மழை இல்லை. வழியில் திருவிழா.'